மிதந்த ஃப்ரிட்ஜ்

கொச்சிக்கு அம்மாவை அழைத்துப்போனதில் ஒரு சின்ன ஏமாற்று வேலை இருந்தது. குருவாயூர் என்று சொல்லித்தான் கிளப்பினேன். 2019 பொங்கல் விடுமுறை. குருவாயூரப்பனைப் பார்த்து முடித்து, மறுநாள் எர்ணாகுளத்தில் படகேறி ஃபோர்ட் கொச்சியில் இறங்கிய பிறகுதான், "இங்க ஒரு எக்ஸிபிஷன் நடக்குதுமா, ரெண்டு மணி நேரம் பாத்துட்டுப் போயிரலாம்" என்றேன். அம்மாவைப் பொறுத்தவரை எக்ஸிபிஷன் என்றால் தீவுத்திடல் பொருட்காட்சி. ராட்டினம், மரணக் கிணறு, டெல்லி அப்பளம். "அப்பளம் விக்கிறாங்களா?" என்று கேட்டாள்.

அது கொச்சி-முசிறிஸ் பினாலேயின் நான்காவது பதிப்பு. அனிதா துபே க்யூரேட் செய்தது. முக்கியமான இடம் ஆஸ்பின்வால் ஹவுஸ். 1867-ல் ஓர் ஆங்கிலேய வியாபாரி தொடங்கிய கம்பெனியின் பழைய வளாகம். மிளகும் இஞ்சியும் கயிறும் ஏற்றுமதிக்காகக் காத்துக்கிடந்த கிடங்குகளில் இப்போது சிற்பமும் வீடியோவும். எந்தப் பக்கம் திரும்பினாலும் கொஞ்ச தூரத்தில் தண்ணீர் தெரிந்துவிடும். கப்பல்கள் அடுக்குமாடிக் கட்டடம்போல மெதுவாக நகர்ந்துபோகும். அம்மா முதல் ஏழெட்டு அறைகளைப் பொறுமையாகக் கடந்தாள். ஒரு வீடியோவுக்கு முன்னால் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்து காலை நீவிக்கொண்டாள். படத்தைப் பார்க்கவில்லை.

பிறகு அந்த இடம் வந்தது.

கூரையிலிருந்து ஒரு ஃப்ரிட்ஜ் தொங்கிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி வேறுவேறு உயரங்களில் வீட்டுச் சாமான்கள். மர ஃபர்னிச்சர்கள், நனைந்து உப்பிக் காய்ந்த புத்தகங்கள். ஒரு வீட்டைத் தலைகீழாகக் கவிழ்த்து, விழுகிற நேரத்தில் நிறுத்தி வைத்ததுபோல. பங்களாதேஷைச் சேர்ந்த மார்ஸியா ஃபர்ஹானாவின் நிறுவல் அது. 2018 ஆகஸ்டில் கேரளத்தை மூழ்கடித்த வெள்ளத்தில் வீணாய்ப்போன வீட்டுப் பொருட்களைச் சேகரித்துத் தொங்கவிட்டிருந்தார். பெயர் 'எக்கோசைட் அண்ட் த ரைஸ் ஆஃப் ஃப்ரீ ஃபால்'. சூழல்கொலையும் தடையற்ற வீழ்ச்சியின் எழுச்சியும் என்று தமிழில் சொல்லிப் பார்க்கலாம்.

இதைப் பற்றி நான் முன்பே படித்திருந்தேன். உண்மையில் இதற்காகத்தான் வந்தேன். அம்மாவுக்கு இதைக் காட்ட ஆசைப்பட்டேனா, அம்மா இதைப் பார்ப்பதைப் பார்க்க ஆசைப்பட்டேனா என்று இப்போது கேட்டால், ரெண்டாவதுதான். சொல்லவே கொஞ்சம் அசிங்கமாக இருக்கிறது.

எங்களுக்கு முன்னால் நின்றிருந்த ஒரு ஜோடி 'சர்ரியல்' என்று பேசிக்கொண்டார்கள். எனக்கும் அந்த வார்த்தைதான் மனசில் வந்திருந்தது. அம்மா அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம் சாதாரணமாகச் சொன்னாள்.

"நம்மளுது இப்பிடித்தான்டா மெதந்துச்சு."

*

ஃப்ரிட்ஜ் மிதக்கும். வெள்ளம் வந்த வீட்டுக்காரர்களுக்கு மட்டும் தெரிந்த விஷயங்களில் இது ஒன்று. சுவர் முழுக்க ஃபோம், கதவைச் சுற்றி ரப்பர் பட்டை, உள்ளே காற்று. தண்ணீர் இடுப்புக்கு வருவதற்குள் தரையை விட்டுக் கிளம்பிவிடும். நான்கு வருடம் பொறியியல் படித்தவன், ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தைப் பரீட்சையில் எழுதியவன், அதை எங்கள் வீட்டு ஹாலில்தான் முதல்முதலாகப் பார்த்தேன்.

2015 டிசம்பர் 1 இரவு. ஜாபர்கான்பேட்டையில் அடையாற்றிலிருந்து ரெண்டு தெரு தள்ளி, தரைத்தளத்தில் வாடகைக்கு இருந்தோம். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை பெய்திருந்ததும், 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவுள்ள செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டதும் நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டவை. அன்று ராத்திரி எங்களுக்குத் தெரிந்தது, பாத்ரூம் குழியிலிருந்து தண்ணீர் மேலே வருகிறது என்பது மட்டும்தான். ஹவுஸ் ஓனர் அக்கா மாடிக்குக் கூப்பிட்டுக்கொண்டார். மாடிப்படித் திருப்பத்தில் நின்று டார்ச் அடித்துப் பார்த்தோம். என் முதல் சம்பளத்தில் தவணைக்கு வாங்கிய 190 லிட்டர் ஃப்ரிட்ஜ் மல்லாந்து மிதந்து, உள்பக்கத்திலிருந்து வாசல் கதவை இடித்துக்கொண்டிருந்தது. டொக், டொக் என்று. உள்ளே யாரோ மாட்டிக்கொண்டு தட்டுவதுபோல. அந்தச் சத்தம் விடியும்வரை கேட்டது. பிறகு தண்ணீர் கதவுக்கு மேலே போய்விட்டதாலோ என்னவோ, நின்றுவிட்டது.

தண்ணீர் வடிந்ததும் வீட்டுக்குள் போனோம். அதை எழுதப் போவதில்லை. சென்னையில் இருந்தவர்கள் எல்லோரும் எழுதிவிட்டார்கள். ஒரே ஒரு விஷயம் மட்டும். அம்மா டெய்லர். ராத்திரி கிளம்பிய அவசரத்தில் அவள் எடுத்துவந்தது ஒன்றே ஒன்று, கழுத்தில் கிடந்த இஞ்ச் டேப்பு. அதுவும் எடுத்தது இல்லை, கழுத்தில் கிடந்ததே அவளுக்குத் தெரியாது. வீட்டுக்குள் போனவள் ஹால் சுவரில் சேறு விட்டுப்போயிருந்த கோட்டுக்குப் பக்கத்தில் நின்று, டேப்பைத் தரையில் காலால் மிதித்துக்கொண்டு மேலே இழுத்தாள். டேப்பு அறுபது இஞ்ச். "பத்தலடா" என்றாள். டேப்பு முடிந்த இடத்துக்கு மேல் நாலு விரல்கடை வைத்துக் காட்டினாள்.

நான் அப்போது வேலை பார்த்துக்கொண்டிருந்தது ஓர் அமெரிக்க இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக. வெள்ளச் சேதத்துக்கு க்ளெய்ம் போடுகிற சாஃப்ட்வேர். வீட்டுக்குள் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று அதில் ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டத்தில் எண்ணைத் தவிர வேறெதுவும் ஏறக்கூடாது என்று கோட் எழுதியவன் நான். ஃப்ரிட்ஜுக்கு ஒரு வரி: வாங்கிய வருடம், தேய்மானம் கழித்து இன்றைய மதிப்பு. பத்து நாள் கழித்து ஆபீஸ் போனபோது அந்தத் திரையைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் யாருக்கும் இன்ஷூரன்ஸ் கிடையாது என்பது வேறு கதை.

அம்மாவிடம் ஓர் அளவு நோட்டு இருந்தது. நீள நோட்டு, காலிகோ பைண்டிங். சுற்றுவட்டாரத்து மூன்று தெருப் பெண்களின் இருபது வருட அளவுகள். கல்யாணத்துக்கு முன் அளவு, பிள்ளை பெற்றபின் அளவு, சர்க்கரை வந்து இளைத்தபின் அளவு. தேதி போட்டு, பேருக்குப் பதிலாக 'பால்காரம்மா', 'மாடி டீச்சர்' என்று எழுதியிருப்பாள். வெள்ளத்தில் அது ஊறி, பக்கங்கள் ஒட்டி, சாக்கடை நாற்றத்தோடு ஒரு செங்கல் மாதிரி ஆகியிருந்தது. தெருமுனையில் மாநகராட்சி லாரி நின்றிருந்தது. சீக்கிரம் சீக்கிரம் என்று கத்திக்கொண்டிருந்தார்கள். மெத்தையோடும் ஃப்ரிட்ஜோடும் சேர்த்து அதையும் தூக்கிக் குவியலில் போட்டுவிட்டு வந்தேன். அம்மா அப்போது பின்பக்கம் தையல் மெஷினை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் அவளைக் கேட்கவில்லை.

சாயங்காலம் தேடினாள். சொன்னேன். "சரி விடு" என்றாள். அவ்வளவுதான். இன்றுவரை அவ்வளவுதான்.

*

ஆஸ்பின்வால் ஹவுஸுக்குத் திரும்புகிறேன். அம்மா 'இப்பிடித்தான் மெதந்துச்சு' என்றதும் அந்த நிறுவல் எனக்கு வேறொன்றாகிவிட்டது. அதுவரை, தரையில் இருக்க வேண்டியவற்றைக் கூரையில் தொங்கவிட்டது கலைஞரின் கற்பனை, ஓர் அழகான விபரீதம் என்று நினைத்திருந்தேன். அம்மா தண்ணீரையும் சேர்த்துப் பார்த்தாள். ஃப்ரிட்ஜ் தலைக்கு மேலே இருக்கிறது என்றால் தண்ணீர் அதுவரை நிற்கிறது என்று அர்த்தம். நாம் நிற்பது அடியில். தண்ணீரை மட்டும் உருவிவிட்டு, தண்ணீர் வைத்த இடத்திலேயே எல்லாவற்றையும் விட்டுவைத்த அறை அது. எனக்குக் கற்பனையாகத் தெரிந்தது அவளுக்கு நடந்ததன் பதிவு.

அதே கொச்சியில், முந்தைய 2016 பதிப்பில், சிலியின் கவிஞர் ராவுல் சுரீத்தா ஒரு கிடங்கு முழுக்கக் கடல்நீரை நிரப்பி அதில் பார்வையாளர்களை நடக்கவிட்டார். 'ஸீ ஆஃப் பெயின்'. கடலில் மூழ்கி இறந்த சிரியக் குழந்தை காலிப் குர்திக்கு அர்ப்பணித்தது. அங்கே தண்ணீர் உண்டு, முழங்கால் நனையும். ஃபர்ஹானாவின் அறையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆனால் மூச்சுத் திணறியது இங்கேதான்.

இது என் வாசிப்பு. அம்மாவின் அடுத்த கேள்வி என் வாசிப்பையெல்லாம் தூக்கி ஓரமாக வைத்துவிட்டது.

"இதெல்லாம் யாரு வூட்டுதுடா? கேட்டுட்டுத்தான் எடுத்தாங்களா?"

பக்கத்தில் கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு வாலண்டியர் பையன் நின்றிருந்தான். கல்லூரி மாணவனாக இருப்பான். அம்மா அவனைப் பார்த்துத்தான் கேட்டாள், தமிழில். அவன் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தான், மொழிபெயர்ப்புக்காக. நான், "வெள்ளத்துல போனதைச் சேகரிச்சு வெச்சிருக்காங்கமா" என்று அம்மாவுக்குப் பதில் சொல்லி அவளை நகர்த்தினேன். அவனிடம் கேட்கவில்லை. ஏன் என்று அப்போதே எனக்குத் தெரியும். அது ஒரு நல்ல நிறுவலின் முன்னால் நாகரிகமில்லாத கேள்வியாக எனக்குப் பட்டது. கூடவே, கேட்காமல் எடுத்துப்போவதைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சு வந்தால் அது எங்கே போய் நிற்கும் என்பதும் தெரியும்.

அம்மா விடவில்லை. வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்தபின், "அந்த வூட்டுக்காரங்க வந்து பாத்திருப்பாங்களா?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "பாத்தா நல்லாத்தான் இருக்கும். நம்மளுத யாரு வெச்சாங்க" என்றாள். இந்த ரெண்டு வாக்கியத்துக்கும் இடையில் அவள் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறு வருடமாக இந்த ரெண்டாவது வாக்கியத்தை யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதில் கோபம் இல்லை. கிட்டத்தட்டப் பொறாமை இருந்தது.

*

முசிறி என்கிற பேரே ஒரு வெள்ளத்தோடு ஒட்டியது. அகநானூற்றில் யவனர்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய துறைமுகம். 1341-ல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் அதை மூடி, கொச்சித் துறைமுகத்தைத் திறந்துவிட்டது என்பது அந்தப் பகுதியின் நம்பிக்கை. பட்டணம் என்கிற ஊரில் நடந்த அகழாய்வில் கிடைத்ததுதான் முசிறி என்று பல ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். 2012-ல் முதல் பினாலேயில் விவான் சுந்தரம் அந்தப் பட்டணத்துப் பானை ஓடுகளைக்கொண்டு ஒரு நகரத்தையே தரையில் பரப்பி, 'பிளாக் கோல்டு' என்று பெயரிட்டார். நான் படங்களில்தான் பார்த்தேன். மேலிருந்து பார்த்தால் விமானத்திலிருந்து தெரிகிற ஊர் போலவே இருக்கும்.

அந்தப் பானைக்காரர்களிடம் யாராலும் அனுமதி கேட்க முடியாது. ரெண்டாயிரம் வருடம் ஆகிவிட்டது. யாரும் கேட்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் இல்லை. ஃபர்ஹானாவின் ஃப்ரிட்ஜுக்கு நாங்கள் பார்த்தபோது வயது ஐந்து மாதம், வெள்ளக் கணக்கில். ஒரு வீட்டின் சாமான் எத்தனை நாள் ஆனபின் கலையின் சாமான் ஆகிறது? சேறு காய்கிற வரைக்கும்? ஊரை விட்டு ஊர் போகிற வரைக்கும்? என்னிடம் பதில் இல்லை. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தச் சாமான்களுக்கு இருந்த இன்னொரு வழி லாரி. எங்கள் தெருவில் நாலே நாளில் எல்லாம் போய்விட்டது. ஹவுஸ் ஓனர் பொங்கலுக்கு முன்னால் சுவருக்கு வெள்ளையடித்துவிட்டார். அம்மா டேப்பு வைத்து அளந்த கோடு இருந்த சுவடே இல்லை. யாரும் தப்பு செய்யவில்லை, அவரவர் வீட்டைச் சுத்தம் செய்தார்கள். ஆனால் ஊரே சேர்ந்து ஒரு தடயத்தைக் கழுவியதுபோலவும் இருந்தது.

தடயம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், தலைப்பு அப்படி. எக்கோசைட். கொலை என்றால் கொன்றவர் உண்டு. கேரள வெள்ளம் முடிந்ததும், பெய்த மழையா திறந்த அணையா என்று ஒரு பெரிய சண்டை நடந்தது. இடுக்கியில் 26 வருடத்துக்குப் பிறகு செறுதோணி அணையின் மதகுகளைத் திறந்தார்கள், ஐந்தையும். சென்னை வெள்ளத்தைப் பற்றி 2018-ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை, அது மனிதரால் விளைந்த பேரிடர் என்றது. ஃபர்ஹானாவின் அறை இதற்குள்ளெல்லாம் போகவில்லை. கொலை என்று தலைப்பில் சொல்லிவிட்டு உடலை மட்டும் காட்டியது. ஒரு பொறியியல்காரனாக இது என்னைக் கொஞ்சம் தொந்தரவு செய்தது. தடையற்ற வீழ்ச்சியில் இருக்கிற பொருளுக்குக் கயிற்றில் இழுவிசை இருக்காது. இங்கே ஒவ்வொன்றும் கயிற்றில் கனத்துக்கொண்டு தொங்குகிறது. யாரோ தாங்கிக்கொண்டிருக்கிறார்கள். யார்?

இந்த இடத்தில் எனக்கு எப்போதும் ஞாபகம் வருவது ஹான்ஸ் ஹாக்கே. 1972-ல் ஜெர்மனியின் க்ரேஃபெல்ட் நகரில், மீஸ் வான் டெர் ரோ கட்டிய ஒரு வீட்டு மியூசியத்துக்குள், ரைன் நதியின் அழுக்குத் தண்ணீரைக் கொண்டுவந்து ஒரு சின்னச் சுத்திகரிப்பு நிலையத்தையே வைத்தார். ரசாயனம் போட்டு அழுக்கைப் படியவிட்டு, கரியும் மணலும் போட்ட வடிகட்டி வழியாக விட்டு, தெளிந்த தண்ணீரை ஒரு தொட்டியில் நிரப்பினார். அதில் தங்கமீன்கள் நீந்தின. மிஞ்சிய தண்ணீர் குழாய் வழியாகத் தோட்டத்துக்குப் போனது. அந்த மியூசியம் நகராட்சியுடையது. ரைனில் சாக்கடையை விட்டுக்கொண்டிருந்ததும் அதே நகராட்சி. கூப்பிட்டு இடம் கொடுத்தவரின் நடுவீட்டிலேயே அவருடைய சாக்கடையை வைத்து, 'இதைச் சுத்தம் பண்ண இவ்வளவுதான் வேண்டும்' என்று காட்டிவிட்டார். வேலை செய்கிற ஒரு சிஸ்டம், குற்றப்பத்திரிகையாகவும் இருந்தது. இதைப் படித்தபோது சாஃப்ட்வேர்காரனான எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை.

அந்தச் சந்தோஷம் ரொம்ப நாள் நிற்கவில்லை. இடம் கொடுத்தவரின் வீட்டில் வைப்பது என்றால், என் கதையில் யார் வீடு?

*

2021-ல் பள்ளிக்கரணைப் பக்கம் ஃப்ளாட் வாங்கினேன். மூன்றாவது மாடி. பிரவுச்சரில் 'லேக் வியூ' என்று போட்டிருந்தது. அந்த லேக்கின் இன்னொரு பேர் சதுப்புநிலம். தென்சென்னையின் ஏரித் தண்ணீரெல்லாம் வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும் அங்கிருந்து கோவளம் முகத்துவாரத்துக்கும் போக வேண்டிய இடம். அதன் மேலேயே குப்பைக்கிடங்கு, சாலை, ரயில்பாதை, என்னைப் போன்றவர்கள் வேலை பார்க்கிற கண்ணாடிக் கட்டடங்கள். மிச்சமிருப்பதில் சுமார் 1,248 ஹெக்டேரை 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்த்தார்கள். நான் தெரியாமல் வாங்கினேன் என்று சொல்ல முடியாது. நிலமட்ட வரைபடம் எடுத்துப் பார்த்தேன். நம் பில்டிங்கை எவ்வளவு மேடாக்கியிருக்கிறார்கள் என்று பார்த்தேன், பக்கத்துத் தெருவைவிட நாலடி உயரம். அந்த நாலடியால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று கணக்குப் போடத் தெரிந்தவன்தான். ஆபீஸ் பக்கம், மூன்றாவது மாடி, பட்ஜெட்டுக்குள். வாங்கிவிட்டேன்.

அம்மாவுக்குப் புது அளவு நோட்டு ஒன்று இருக்கிறது. 2016-ல் ஆரம்பித்தது. இரவில் தைத்து முடித்ததும் அதைப் பாலிதீன் கவரில் போட்டு பரணில் வைத்துவிடுவாள். மூன்றாவது மாடியிலும். எக்ஸெலில் ஏற்றித் தருகிறேன் என்று ஒருமுறை சொன்னேன். கேட்காத மாதிரி போய்விட்டாள்.

2023 டிசம்பர் 3 ராத்திரி, மிக்ஜாம் புயல். நாலாம் தேதி காலையில் கீழே பார்க்கிங் முழுக்கத் தண்ணீர். வாட்ச்மேன் அண்ணன் குடும்பம் கீழே பம்பு ரூமுக்குப் பக்கத்து அறையில் இருந்தது. அவரும் அவர் மனைவியும் ரெண்டு பிள்ளைகளும் எங்கள் ஹாலில் வந்து படுத்தார்கள். கரண்ட் இல்லை. ரெண்டாவது நாள் பால்கனியிலிருந்து அம்மா கூப்பிட்டாள். கீழே, காருக்கும் தூணுக்கும் நடுவில், அண்ணன் வீட்டு ஃப்ரிட்ஜ் மல்லாந்து மிதந்து வந்துகொண்டிருந்தது. செகண்ட் ஹேண்டில் வாங்கியது, கதவில் பிள்ளைகள் ஒட்டிய கார்ட்டூன் ஸ்டிக்கர்கள். அண்ணனின் மனைவியும் வந்து பார்த்தார். யாரும் ஒன்றும் பேசவில்லை. அது தூணில் மோதியது. டொக்.

தண்ணீர் வடிய நாலைந்து நாள் ஆனது. கீழே போனோம். ஃப்ரிட்ஜ் இறங்கி, சாய்ந்து, பார்க்கிங் சுவரில் சேறு விட்டிருந்த கோட்டுக்கு நேர் கீழே நின்றது. காலை வெயில் அதன்மேல் விழுந்தது. ஸ்டிக்கர்களில் ஒன்று பாதி உரிந்து தொங்கியது. என்னையறியாமல் போனை எடுத்தேன். ஃப்ரேம் சரியாக வர ரெண்டடி பின்னால் போனேன்.

"அவங்கள கேட்டியா?"

படிக்கட்டில் நின்றுகொண்டு அம்மா கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. கழுத்தில் டேப்பு கிடந்தது. அண்ணனின் மனைவி துடைப்பத்தோடு நின்று எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

போனைச் சட்டைப்பையில் போட்டேன். அண்ணன் ஒரு முனையைப் பிடித்திருந்தார், இன்னொரு முனையை நான் பிடித்தேன். மிதக்கும்போது ஒரு விரலால் தள்ளக்கூடிய சாமான் அது. இப்போது உள்ளேயெல்லாம் தண்ணீரும் சேறும் ஏறி அப்படிக் கனத்தது. தெருமுனைக்குப் போவதற்குள் மூன்று இடத்தில் கீழே வைத்து, மூச்சு வாங்கி, மறுபடியும் தூக்கினோம்.